நீளக் கை மிஷின்

பஞ்சு வைத்த போர்வைகளைத் தைத்து பீர்மேட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. அங்கே தேயிலைத் தோட்ட லயத்தில் குடியிருந்த என் நாத்தனார் அவற்றை விற்றுத் தருவாள். அந்த முறை அனுப்பியதெல்லாம் திரும்பி வந்துவிட்டது.

"பஞ்செல்லாம் கால்மாட்டுக்குப் போயிருச்சு நங்கையா. மழைக்கு முன்னால நல்லதாக் குடுக்கலீன்னா இனி ஒருத்தரும் வாங்க மாட்டாங்க" என்று அண்ணியான எனக்குச் சொல்லியனுப்பியிருந்தாள்.

குற்றம் என் மிஷினுடையது. ஊசிக்கும் மிஷினின் தூணுக்கும் நடுவே இடம் போதாது. போர்வையை எவ்வளவு இறுக்கிச் சுருட்டித் திணித்தாலும் ஓரம்தான் தைக்கும். நடுப்பகுதி ஊசிக்கு வந்து சேராது, அதனால் பஞ்சு நழுவிவிடும். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பாகத்தைத் தையல்காரர்கள் கை என்பார்கள். அந்தக் கை நீளமாக இருக்க வேண்டும்.

இதை வீட்டுக்காரரிடம் சொன்னேன். மாரியம்மனைக் கும்பிட்டு, ராகுகாலம் கழித்து, கோயமுத்தூர் போனார். சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறக்கியது சக்கரத்தில் கைப்பிடி வைத்துச் சுற்றும் மிஷினை!

"ஏனுங்க, நா என்ன கேட்டேன், நீங்க என்ன வாங்கியாந்திருக்கறீங்க?"

"நீளக் கை மிஷின்னுதான புள்ள சொன்ன? இருக்கறதுலயே நீளமான கைப்பிடியாப் பாத்து வாங்கியாந்தேன்."

பெருமையாக ஒரு சுற்றுச் சுற்றியும் காட்டினார். தாயே, எனக்குப் பொறுமையைக் கொடு என்று உள்ளே போய் விளக்கேற்றினேன்.

மறுநாள் அந்த மிஷினோடு ஒரு போர்வையையும் தூக்கிக்கொண்டு இருவரும் அதே கடைக்குப் போனோம். கடைக்காரர் பூப்போட்ட மிஷின், டிராயர் வைத்த மிஷின் என்று வரிசையாகக் காட்டினார். ஒவ்வொன்றின் கைக்கடியிலும் நான் போர்வையைச் சுருட்டி நுழைத்துப் பார்த்தேன், எதிலும் நுழையவில்லை.

"அம்மணி, மிஷின் வாங்க வந்தீங்களா, தூங்க வந்தீங்களா?"

"நாந் தூங்கறது இருக்கட்டுங்க. உள்ளுக்குள்ள மூடி வெச்சிருக்கறீங்களே, அது என்னங்க?"

மூடியிருந்த துணியை விலக்கிக் காட்டினார், தோல் பை தைக்கப் பயன்பட்ட பழைய மிஷின். சுருட்டிய போர்வை அதன் கைக்கடியில் தாராளமாக நுழைந்தது. ஆனால் வீட்டுக்காரர் வாசலுக்கே போய்விட்டார்.

"தோல் தெச்சதா? சாமி இருக்கற ஊட்டுக்குள்ளயா?"

"உங்க இடுப்புல கெடக்கற பெல்ட்டு என்ன வாழநாருங்களா?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். வீட்டுக்காரர் பெல்ட்டைத் தடவிக்கொண்டே, மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டால் சரி என்று இறங்கிவந்தார். எனக்கும் உள்ளுக்குள் உறுத்தல் இருந்தது, அவரிடம் சொல்லவில்லை. கைப்பிடி மிஷினைத் திரும்ப எடுத்துக்கொண்ட கடைக்காரர், துணிக்கேற்ற மெல்லிய ஊசியும் போட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் மஞ்சள் தண்ணீர் தெளித்தேன், குங்குமம் வைத்தேன், சூடம் காட்டினேன். திரும்பி வந்த போர்வை ஒன்றைப் பிரித்துப் பஞ்சைப் பரப்பி, நட்டநடுவிலிருந்து தைக்கத் தொடங்கினேன். முடித்ததும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து உதறினோம். பஞ்சு இருந்த இடத்திலேயே இருந்தது. மழைக்கு முன்னால் அனுப்ப வேண்டுமே என்று அடுத்த போர்வையைப் பிரித்தேன்.