அப்பாவின் தாகம்

நடந்தவை, ஏறக்குறைய நடந்த வரிசையில்:

1. அப்பா ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் இறந்தார். தங்கச் சுரங்க வேலையில் சுவாசித்த தூசி நுரையீரலிலேயே தங்கிவிட்டது. சுரங்கத்தை மூடிப் பல வருடங்கள் கழித்து அது அவரைக் கொன்றது.

2. அதற்கு மூன்று நாள் முன்பு அம்மாவின் சபைப் போதகர் வீட்டுக்கு வந்தார். கட்டிலருகே உட்கார்ந்து, இப்போதாவது ஆண்டவரை ஏற்றுக்கொள்கிறீர்களா என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கி, "டீ குடிச்சீங்களா பாஸ்டர்?" என்றார். வேறு பதில் சொல்லவில்லை.

3. அப்பா பிறப்பால் இந்து. பழக்கத்தால் எதுவும் இல்லை. அவருடைய அண்ணன் தம்பிகள் மேளம் அடித்துத் தூக்கிப்போய்த் தங்கள் இடுகாட்டில் புதைத்தார்கள். போதகர் அங்கே வரவில்லை.

4. முப்பதாம் நாள் எங்கள் வீட்டில் ஆறுதல் ஜெபக்கூட்டம் நடந்தது. அம்மா கேட்டுக்கொண்டதால் நடந்தது.

5. அந்தக் கூட்டத்தில் போதகர் சொன்னது: "இந்த வீட்டுத் தலைவருக்கு ஆண்டவர் முப்பது வருஷம் வாய்ப்புக் கொடுத்தார். அவர் மறுத்தார். இந்த நிமிஷம் அவர் அக்கினியில், ஒரு சொட்டுத் தண்ணீருக்காகத் தவித்துக்கொண்டிருக்கிறார். நீங்களாவது..." இந்த 'நீங்களாவது' பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு.

6. மறுநாளிலிருந்து அம்மா தண்ணீர் குடிப்பதைக் குறைத்தாள்.

ஆறாவதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்பது நாள் ஆனது. எங்கள் ஊரான ஊரிகத்தில் காலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்குப் போனால், வீடு திரும்ப எட்டு மணி ஆகிவிடும். அங்கே ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். அழுத்தமானிகளையும் வால்வுகளையும் சோதித்து, தேறியது தேறாதது எழுதுவது என் வேலை. அம்மாவின் மாத்திரைக்காக நான் நிரப்பி வைத்துவிட்டுப் போகும் பாட்டில், திரும்பி வரும்போது ஏறக்குறைய நிரம்பியே இருந்தது. முதலில் வெயில் காலத்து மந்தம் என்று நினைத்தேன். பிறகு பாட்டிலில் மார்க்கரால் கோடு போட்டேன்.

"இன்னாடி, பாட்டிலுக்குப் பரீட்ச வெக்கிறியா?" என்றாள் அம்மா.

"உனக்கு சுகர் இருக்கு. ரெண்டரை லிட்டர் குடிக்கணும்னு டாக்டர் சொன்னாரா இல்லையா? ஏன் குடிக்கல?"

அம்மா பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, முகம் திருப்பாமல் சொன்னாள்: "அவர் அங்க தண்ணி கேட்டுக்கினு கீறாரு. நான் இங்க மடக்கு மடக்குன்னு குடிச்சா நல்லாவா இருக்கும்?"

மாத்திரை விழுங்க ஒரு வாய். சோற்றோடு ஒரு வாய். அவ்வளவுதான் அவளுடைய ஒரு நாள்.

என் பெற்றோர் கல்யாணத்தில் மதம் ஒரு சண்டையாக இருந்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா அம்மாவைச் சைக்கிளிலும், பிறகு மொபெட்டிலும் கொண்டுபோய்ச் சபைக் கோயில் வாசலில் இறக்கிவிடுவார். ஆராதனை முடியும்வரை எதிர்க் கடையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். "உங்க ஆண்டவர் கூப்ட்டா, ஷிப்ட் முடிச்சிட்டு வரேன்னு சொல்லு" என்பார். அம்மா முதுகில் ஒன்று போடுவாள். முப்பது வருட வாய்ப்பு என்று போதகர் சொன்னது இந்த ஞாயிற்றுக்கிழமைகளைத்தான். மனைவியை ஒரு வாரம்கூடத் தவறாமல் கோயிலுக்குக் கொண்டுவந்து விட்ட ஒருவரை, உள்ளே வரவில்லை என்பதற்காக நெருப்பில் போடுகிறார்கள். இதற்கு நியாயம் என்று பெயர் வைக்கிறார்கள்.

போதகரைப் பற்றி இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். அப்பாவின் கடைசி மாதத்தில் ஒரு நாள் ஆக்சிஜன் சிலிண்டர் தீர்ந்துபோனது. நான் வேலையில் இருந்தேன். அம்மா போன் செய்ததும் அவரே காலி சிலிண்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பங்காருபேட்டை வரை போய், நிரப்பிய சிலிண்டரோடு வந்தார். வியர்வையில் சட்டை உடம்போடு ஒட்டியிருந்ததாம். இதனால் என் கோபம் குறையவில்லை, கூடியது. அப்பா ஒரு மணி நேரம் மூச்சுக்குத் தவிப்பதைப் பார்க்கப் பொறுக்காத மனிதர், அதே அப்பா முடிவே இல்லாமல் தவிப்பதை எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு குரல் உயர்த்தி அறிவிக்கிறார். அவரைவிட அவருடைய கடவுளுக்கு இரக்கம் குறைவு என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

எனக்குத் தெரிந்த வழியில் இறங்கினேன். கேள்விகளை ஒரு தாளில் எழுதினேன்.

தண்டனை எதைத் திருத்துவதற்கு? திருந்துவதற்கு வாய்ப்பே தராத தண்டனை வேறு யாருக்குப் பயன்? அறுபத்து நான்கு வருட வாழ்க்கையில் செய்த எந்தக் குற்றம் முடிவில்லாத அளவுக்குப் பெரியது? நம்புவது கையைத் தூக்குவது மாதிரி ஒருவர் நினைத்தவுடன் செய்யக்கூடிய காரியமா? கசிகிற வால்வைக் கசியவில்லை என்று நம்பு என்று என்னிடம் சொன்னால், வேலை போகும் என்ற பயத்தில் தலையாட்டுவேனே தவிர, நம்ப மாட்டேன். பயத்தில் ஆட்டிய தலையைக் கடவுள் ஏற்றுக்கொள்வாரா? சுரங்கத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லைனிலேயே ஒருவர், பெண்டாட்டியை அடித்து அடித்தே ஒரு காதைச் செவிடாக்கியவர், சாகும் வாரத்தில் ஞானஸ்நானம் பெற்றார். அவர் சொர்க்கத்தில் இருக்கிறாரா? அவரிடம் அடி வாங்கி, ஊதுபத்தி ஏற்றிச் சாமி கும்பிட்டே செத்துப்போன அவர் மனைவி எங்கே இருக்கிறார்?

கடைசிக் கேள்விக்குக் கீழே இரண்டு முறை கோடு போட்டேன்.

சனிக்கிழமை கொண்டுபோனபோது போதகர் வெளியூர் போயிருந்தார். கோயில் வாசலில் ஜெப விண்ணப்பப் பெட்டி இருக்கிறது. தாளில் என் பெயரை எழுதி, உறையில் போட்டு, மேலே 'போதகருக்கு' என்று எழுதி அதில் போட்டேன். அந்தப் பெட்டியில் விழும் எல்லாமே சபைக்கு முன்னால் வாசிக்கப்படும் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள்தான். இருந்தும் உறையின் மேல் எழுதிய ஒரு சொல் போதும் என்று நினைத்தேன். என் தப்பு அது.

ஞாயிறு காலை அம்மாவுடன் நானும் போயிருந்தேன். சபைச் செயலாளர் விண்ணப்பங்களை ஒவ்வொன்றாக வாசித்தார். மகனுக்கு வேலை கிடைக்க. முட்டி வலி நீங்க. வெளிநாட்டு விசா வர. அதன் பிறகு என் உறையைப் பிரித்து, இரண்டு வரி படித்து, நின்று, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"நரகத்தைக் குறித்துச் சந்தேகத்தில் இருக்கிற, ஊரிகம் லைனில் வசிக்கிற, சமீபத்தில் தகப்பனை இழந்த ஒரு சகோதரி... அந்தச் சகோதரி நித்திய அக்கினிக்குத் தப்பும்படி எல்லாரும் ஊக்கமாய் ஜெபிப்போம்."

எனக்குப் பின்வரிசையில் இரண்டு பெண்கள்.

"யாரு, அந்த பெங்களூர் போற பொண்ணா?"

"வேற யாரு? அப்பங்காரன் விட்டுட்டுப் போன வேலைய இது பாக்குது."

"மெதுவா பேசுக்கா, முன்னாடிதான் கீறா."

"இருக்கட்டுமே. நல்லதுக்குத்தான ஜெபம் பண்றோம்."

இருநூறு பேர் எனக்காகச் சத்தம் போட்டு ஜெபித்தார்கள். நான் அம்மாவைப் பார்த்தேன். உதடு அசையவில்லை. வீட்டில் இதுவரை நெருப்பில் ஒருவர்தான். இப்போது இரண்டாவது ஆளுக்கும் இடம் குறித்துவிட்டார்கள். சபையே சாட்சி.

அன்றைக்கு அம்மா மாத்திரைக்குக்கூடத் தண்ணீர் குடிக்கவில்லை. மாத்திரையை மென்று விழுங்கினாள். திங்கள் மத்தியானம் துணி உலர்த்தப் போனவள் கொடிக்கம்பியைப் பிடித்தபடியே சரிந்துவிட்டாள். பக்கத்து வீட்டு அக்கா ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார். நான் போய்ச் சேர்ந்தபோது கையில் டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு நாள் இப்படியே விட்டிருந்தால் சிறுநீரகம் கெட்டிருக்கும் என்றார் டாக்டர்.

அம்மா கண்ணைத் திறந்து டிரிப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, இப்டிக் கையில ஏத்துறது குடிக்கிறதுல சேருமா?"

நான் அழவில்லை. சேராது என்று பொய் சொன்னேன். சேரும் என்றால் பிடுங்கிப் போட்டிருப்பாள்.

மறுநாள் சாயங்காலம் போதகர் ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். பெட்டி விஷயம் செயலாளருடைய அவசரம் என்றார். அவர் முன்னால் நான் நாற்காலியை நகர்த்திப் போட்டேன். அவரிடம் கேட்க என்னிடம் ஒரு பட்டியலே இருந்தது. ஆனால் அம்மா முந்திக்கொண்டாள்.

"பாஸ்டர், ஒண்ணு கேக்கணும். அவருக்கு எப்ப தண்ணி குடுப்பாங்க?"

அவர் ஆரஞ்சுப் பையைக் கீழே வைத்தார். "அங்க... அது கிடைக்காதும்மா."

"எவ்ளோ நாளைக்கி?"

"அதுக்கு முடிவு கிடையாது."

"மைன்ஸ்லயே எட்டு மணி நேரந்தான் ஷிப்ட்டு. அதுக்கே கேன்ல தண்ணி ரொப்பி அனுப்புவேன். கீழ லெவல்ல பாறையே சுடும்னு சொல்லுவாரு. அங்க எவன் தண்ணி கேட்டாலும் குடுக்கணும். காலையில சண்ட போட்டவன் கேட்டாலும் குடுக்கணும். இல்லன்னு சொன்னவன மறுநாள் எந்த கேங்லயும் சேத்துக்க மாட்டாங்க."

"மனுஷ நியாயம் வேற, தேவ நியாயம் வேறம்மா."

"வேறன்னா உசந்ததா இருக்கணும் இல்லையா பாஸ்டர்?" என்றேன்.

"நீ வாய மூடு. நான் பேசிக்கினு கீறேன்" என்றாள் அம்மா. பிறகு அவரிடம், "செத்தா நான் எங்க போவேன்?"

"நீங்க ஆண்டவர்கிட்டதாம்மா. அதுல சந்தேகமே வேணாம்."

"அவர் அங்க கத்திக்கினு கெடப்பாரு. நான் மேல பாட்டு பாடிக்கினு இருப்பேனா?"

"அங்க கண்ணீரே இருக்காது. துக்கமான ஞாபகம் எதுவும் வராது."

"அவர மறந்துடுவேனா?"

போதகர் தரையைப் பார்த்தார். "அப்படித்தாம்மா நாம புரிஞ்சிக்கணும்."

அம்மா அவர் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "முப்பத்திரண்டு வருஷம் அந்தாளு சட்டைய தொவைச்சிருக்கேன். அவர மறந்துட்டு மேல ஒருத்தி சந்தோஷமா இருப்பான்னா, அது நான் இல்ல பாஸ்டர். அந்த எடத்துக்கு வேற யாரையாவது வெச்சிக்கச் சொல்லுங்க."

பக்கத்துக் கட்டிலில் கை ஒடிந்து படுத்திருந்த பெண், "நல்லா கேட்ட அக்கா" என்றார். போதகர் திரும்பிப் பார்த்ததும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

"அந்தத் தண்ணிய எடுடி" என்றாள் அம்மா. "பேசிப் பேசித் தொண்ட காஞ்சி போச்சு."

ஒரு டம்ளர் முழுக்கக் குடித்தாள். இன்னொன்று கேட்டாள். போதகர் ஜெபம் செய்துவிட்டுப் போகட்டுமா என்றார். அம்மா கண்ணை மூடித் தலை குனிந்தாள். நான் கண்ணைத் திறந்தபடியே இருந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு, அன்றைக்கு என்னதான் மாறியது என்று கேட்டேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அவர் நெருப்புல கீறாருன்னு பாஸ்டர்தான் சொல்றாரு. நான் அவர மறந்துடுவேன்னும் அவர்தான் சொல்றாரு. ரெண்டாவது பொய்யின்னு எனக்கே தெரியும். அப்ப மொதல்ல சொன்னது மட்டும் எப்டி நெசமா இருக்கும்?"

எங்கள் தொழிற்சாலையிலும் இதுதான் விதி. ஓர் இடத்தில் தப்புக் காட்டிய அழுத்தமானி மற்ற இடங்களில் காட்டியதையும் நாங்கள் எடுத்துக்கொள்வதில்லை. பட்டியல் போட்டு நான் போக நினைத்த இடத்துக்கு அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே போய்விட்டாள். ஒரு வித்தியாசம் உண்டு. நான் அந்தக் கருவியைத் தூக்கி எறிந்துவிட்டேன். அம்மா எறியவில்லை. அவளுக்குக் கடவுள் வேண்டும். நெருப்பைத்தான் அவள் ஏற்கவில்லை. பயமுறுத்தி நம்பவைக்கும் கடவுளை என்னால் மன்னிக்க முடியவில்லை. அவர் இல்லாவிட்டால் நல்லது. இருந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

இப்போதைய நிலை. அம்மா ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் குடிக்கிறாள். சில நாள் குறைகிறது, நான் சத்தம் போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறாள். நரகப் பிரசங்கம் ஆரம்பித்தால் எழுந்து வெளியே வந்துவிடுகிறாள். நான் போவதில்லை. என் கேள்வித்தாள் திரும்பி வரவில்லை. ஊரிகம் ஸ்டேஷனில் போதகரைப் பார்த்தால் இருவரும் வணக்கம் சொல்லிக்கொள்கிறோம். எங்கள் வீட்டில் சொன்னதை எங்கள் வீட்டில், அதே ஆட்கள் முன்னால், தப்பு என்று சொல்லும்படி அவரிடம் கேட்டிருக்கிறேன். முடியாது என்று அவர் சொல்லவில்லை. இன்னும் வரவுமில்லை.