நாலு நாள் காரம்

நீதிமன்றத்துக்குப் பின்புறச் சந்தில், ஜெராக்ஸ் கடைக்கும் பஞ்சர் கடைக்கும் நடுவில், ஆறு மேசை போட்ட சின்னச் சாப்பாட்டுக் கடை ஒன்று இருந்தது. காலை ஏழு மணிக்குத் திறந்து பத்தரைக்கு மூடிவிடுவார்கள். ஆப்பம், முட்டைக் குழம்பு, அவ்வளவுதான். வேறு என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால், "தண்ணி இருக்கு" என்று அடுப்படியிலிருந்து பதில் வரும்.

அந்தப் பதிலைச் சொல்கிறவள் ஆப்பம் சுடுகிற நாத்தனார். குழம்பு வைக்கிறவளை வக்கீல் முதல் வாட்ச்மேன் வரை எல்லோரும் சித்தி என்றுதான் கூப்பிட்டார்கள். நாத்தனாருக்கு மட்டும் அவள் அண்ணி. சித்திக்கு அறுபத்தொரு வயது. கணவர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் இருபது நாள் வீட்டில் இருக்க மாட்டார். கடை முழுக்க இந்த இரண்டு பெண்களுடையது. இருபத்திரண்டு வருடமாக ஒரே அடுப்படியில், முதுகோடு முதுகு உரச நின்று, சண்டை போட்டுக்கொண்டே வேலை செய்தார்கள்.

சித்தி எதையும் அளந்து போட்டதில்லை. சோம்பு பொரிந்ததும் வெங்காயத்தைக் கொட்டுவாள். அது சுருண்டு தேன் நிறத்துக்கு வரும்வரை பூகம்பமே வந்தாலும் அடுப்பை விட்டு நகர மாட்டாள். பிறகு இஞ்சி பூண்டு, தக்காளி, மிளகாய்த்தூள், மல்லித்தூள், கொரகொரப்பாகப் பொடித்த மிளகு. எண்ணெய் ஓரத்தில் பிரிந்து நின்றதும் தேங்காய்ப்பால். வெந்த முட்டைகளை நாலு இடத்தில் கீறி உள்ளே இறக்குவாள். கடைசியில் கரண்டியிலிருந்து ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கி, நாக்கை மேல் அண்ணத்தில் அழுத்திக் கண்ணை மூடுவாள். அந்த நேரத்தில் நாத்தனாரும் வாய் திறக்க மாட்டாள். "சரி" என்று சித்தி சொன்ன பிறகுதான் முதல் ஆப்பத்துக்கு மாவு ஊற்றப்படும்.

இப்படிப்பட்டவளுக்குப் பற்கள் ஒவ்வொன்றாக விடைபெற்றுக்கொண்டிருந்தன. ஐம்பது வயதில் ஆரம்பித்தது. சிரிக்கும்போது முந்தானையை வாய்க்குக் கொண்டுபோகும் பழக்கம் வந்தது. போன வருடம் மேல் வரிசையில் மிச்சமிருந்த இரண்டும் ஆட, டாக்டர் அவற்றையும் எடுத்துவிட்டார். புண் ஆறி ஈறு கெட்டிப்படும்வரை மூன்று மாதம் சித்தி சிரிக்கவே இல்லை. அவளுக்குக் கோபம் என்று சந்தில் பேசிக்கொண்டார்கள்.

எதிர்க் கட்டடத்தின் மாடியில், பல் டாக்டரின் அறைக்குப் பின்னால், பல் செட் செய்யும் பெண் ஒருத்தி இருந்தாள். முப்பது வயது இருக்கும். பிளாஸ்டர் அச்சு, மெழுகு, இளஞ்சிவப்புப் பொடி என்று அவளுடைய மேல்கோட்டு எப்போதும் ஏதாவது ஒரு நிறத்தில் இருக்கும். காலைச் சாப்பாட்டை இந்தக் கடையிலிருந்துதான் பார்சல் வாங்குவாள். சித்தியின் மேல் வரிசையை அவள்தான் செய்தாள். கீழே சொந்தப் பற்கள் எட்டு இருந்தன. புது வரிசை அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்தது.

ஆனால் 'ச' சொன்னால் விசில் அடித்தது. பேசிப் பழகுவதற்காகச் சித்தி ஒரு வாரம் கடையை மூடினாள். வெள்ளையடிக்கிறோம் என்று அட்டை தொங்கவிட்டார்கள். பொய் சொன்னதாகிவிடக் கூடாது என்று ஒரே ஒரு சுவருக்கு நிஜமாகவே வெள்ளையும் அடித்தார்கள். அந்த வாரம் வீட்டுச் சமையல் நாத்தனாருடையது. எதைச் சாப்பிட்டாலும் சித்திக்குச் சப்பென்று இருந்தது. நாத்தனார் கைக்கு உப்பு உறைப்பு வராது என்பது அவளுடைய பழைய கருத்து. அதனால் எந்தச் சந்தேகமும் எழவில்லை.

திங்கட்கிழமை கடை திறந்தது. முதல் ஆளாக வந்த தபால்காரர் சித்தியைப் பார்த்து, "என்ன சித்தி, பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கீங்க" என்றார்.

"வெள்ளையடிச்சோம்ல, அந்த வெளிச்சம்" என்றாள் சித்தி.

உள்ளே போய்ச் சொட்டு விட்டு நக்கினாள். நாக்கின் நுனியில் லேசாக ஏதோ பட்டது; அழுத்திப் பார்த்தால் மேலே ஒன்றும் இல்லை. அரிசி கழுவின தண்ணீர் மாதிரி இருந்தது. மிளகாய்த்தூள் பழசாகிவிட்டதோ என்று இன்னொரு கரண்டி போட்டாள். மிளகு போட்டாள். அப்புறமும் மனசு ஒப்பாமல்தான் "சரி" என்றாள்.

தபால்காரருக்கு இரண்டாவது வாயிலேயே காது அடைத்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தார். பதினாலு வருட வாடிக்கை, என்ன சொல்வது. "ஜலதோஷத்துக்கு நல்லா இருக்கு" என்றுவிட்டுப் போனார். செவ்வாய்க்கிழமை அதைவிடக் காரம். புதன்கிழமை வக்கீல் ஒருவர் வழக்கை நடத்த முடியாமல் வாய்தா வாங்கியதாகப் பேச்சு. காரத்தை அணைக்க ஆளுக்கு ரெண்டு ஆப்பம் கூடுதலாக இறங்கியதில் நாத்தனாருக்கு ஒரே குஷி. காலையில் முட்டை சாப்பிடாதவள் அவள். ஆப்பத்தைச் சர்க்கரை தொட்டுத் தின்பவள். குழம்பில் என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியாது.

சித்திக்குத் தெரிந்தது. வேறு மாதிரித் தெரிந்தது. நாக்கு செத்துவிட்டது என்று முடிவு கட்டிக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. வியாழக்கிழமை வெங்காயம் நறுக்கும்போது கண்ணில் வந்த தண்ணீர் வெங்காயத்தால் வந்ததல்ல.

மூன்று நாளாகக் காரத்துக்குப் பயந்து ஆப்பத்தை மட்டும் தின்ற பல் செட் பெண், அன்றைக்குப் பார்சலைப் பிரித்து ஒரு முட்டையை முழுசாகச் சாப்பிட்டாள். நெற்றி வியர்த்தது, காது சுட்டது. மேசையில் அரைகுறையாக இழைத்த யாருடையதோ மேல் வரிசை இருந்தது. அதைத் திருப்பி, அண்ணத்தை மூடும் அந்த இளஞ்சிவப்புப் பரப்பைப் பார்த்தாள். உடனே எழுந்து கை கழுவினாள்.

கடை மூடி இருவரும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது பின்கதவு வழியாக வந்தாள்.

"சித்தி, தப்பா எடுத்துக்காதீங்க. நாலு நாளா குழம்பு ருசி பாக்கும்போது உங்களுக்கு ஒண்ணும் தெரியலைதானே?"

சித்தி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "உனக்கு யார் சொன்னா?"

"உங்க குழம்புதான் சொல்லுச்சு."

"என் நாக்கு போச்சும்மா" என்றாள் சித்தி. "இனிமே நான் அடுப்புகிட்ட நிக்கிறதுல அர்த்தமே இல்ல."

நாத்தனார் கழுவிக்கொண்டிருந்த சட்டியோடு அப்படியே திரும்பினாள். "என்ன அண்ணி சொல்றீங்க? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"உன்கிட்ட சொன்னா சந்து முழுக்கத் தெரியும்."

"சரி, அது உண்மைதான்" என்று ஒப்புக்கொண்டாள் நாத்தனார்.

"நாக்குக்கு ஒண்ணும் ஆகல" என்றாள் அந்தப் பெண். "நீங்க ருசிய நாக்குல மட்டும் பாக்குறதில்ல. மேல ஒட்டிப் பாக்குறீங்க. அந்த இடத்தை நான் தகடு போட்டு மூடிட்டேன். நீங்க எப்படி ருசி பாப்பீங்கன்னு நான் கேட்டிருக்கணும். கேக்கல. இப்ப கழட்டிட்டுப் பாருங்க."

சித்தி சுவர்ப் பக்கம் திரும்பி வரிசையைக் கழற்றினாள். சட்டியின் அடியில் மிச்சமிருந்த குழம்பை ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டாள். நக்கினாள். அழுத்தினாள்.

அடுத்த நொடி தண்ணீர்க் குடத்தை நோக்கி ஓடினாள். இரண்டு செம்பு குடித்துவிட்டுத் திரும்பியபோது கண்ணில் தண்ணீர், மூக்கில் தண்ணீர்.

"இதையா நாலு நாளா ஊத்தினேன்? அந்தத் தபால்காரர் மனுஷனா என்ன, வாயத் திறக்கலையே" என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தாள். மேல்பல் இல்லாத வாயை முழுக்கத் திறந்து, முந்தானையைத் தேடாமல், அம்மிமேல் கை ஊன்றிச் சிரித்தாள். நாத்தனாருக்குச் சட்டி கை நழுவியது. அந்தப் பெண் அழலாமா சிரிக்கலாமா என்று நின்று, கடைசியில் சிரித்தாள்.

மேல் தகட்டை மெல்லிய உலோகத்தில் செய்தால் சூடும் உணர்வும் ஓரளவு தெரியும், பத்து நாள் பிடிக்கும் என்று சொல்லிவிட்டுப் போனாள். அதுவரை ருசி பார்க்கும்போது சித்தி பற்களை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுவைத்தாள். குழம்பு பழைய கைக்குத் திரும்பியது.

மூன்றாம் நாள் தபால்காரர் இன்னொரு முட்டை கேட்டுத் தட்டோடு நேராக அடுப்படிக்குள் வந்துவிட்டார். டம்ளரைப் பார்த்தார். சித்தியைப் பார்த்தார். சித்திக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தபால்காரர் தட்டை மேடையில் வைத்தார். கட்டைவிரலால் தன் மேல்வாயை நெம்பி, முன்பற்கள் நாலைக் கழற்றி உள்ளங்கையில் காட்டினார்.

"பைக்ல விழுந்து போனது சித்தி. எட்டு வருஷமாச்சு. டாக்டருக்கும் என் பொண்டாட்டிக்கும் மட்டும்தான் தெரியும்."

"இப்ப எனக்கும் தெரியும்" என்றாள் நாத்தனார், ஆப்பச்சட்டியைச் சுழற்றிக்கொண்டே.

மத்தியானத்துக்குள் இரண்டு செய்திகளும் சந்து முழுக்கப் பரவிவிட்டன. யாருக்கும் அது ஒரு விஷயமாகப் படவில்லை. ஜெராக்ஸ் கடைக்காரர் மட்டும் தன் அம்மாவுக்காக மாடிப் பெண்ணின் நம்பரை வாங்கிக்கொண்டார்.

புது வரிசை ஒரு சனிக்கிழமை பதினோரு மணிக்கு வந்தது. பொருத்திப் பார்த்து, இரண்டு இடத்தில் ராவி, மறுபடி பொருத்தினாள் அந்தப் பெண். நாத்தனார் சுடச்சுட டீ கொடுத்தாள். சித்தி ஒரு வாய் உறிஞ்சினாள்.

"சுடுது" என்றாள். இத்தனை சந்தோஷமாக யாரும் அந்த வார்த்தையைச் சொல்லி மற்ற இருவரும் கேட்டதில்லை.

அடுத்து குழம்பு. சொட்டு விட்டு, நக்கி, அழுத்திக் கண்ணை மூடினாள். அந்தப் பெண் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.

"முழுசா முன்ன மாதிரி இல்ல. ஆனா பிடிபடுது" என்றாள் சித்தி. இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தாள். "சுண்டிப்போய் உப்பு ஒரு சிட்டிகை தூக்கல். காலையில எவன் சொன்னான்? ஒருத்தனும் சொல்லல."

"உங்ககிட்ட எவன் சொல்லுவான்" என்றாள் நாத்தனார்.

மிச்சமிருந்த மாவை நாத்தனார் சட்டியில் ஊற்றிச் சுழற்றி மூடினாள். ஓரம் முறுகலும் நடு பஞ்சு மாதிரியுமாக மூன்று ஆப்பம் வந்தது. வெள்ளையடித்த சுவரை ஒட்டிய மேசையில் மூவரும் உட்கார்ந்தார்கள். தன் தட்டிலிருந்த முட்டையைச் சித்தி அந்தப் பெண்ணின் தட்டில் வைத்தாள். வேண்டாம் என்றதும் திருப்பி எடுக்காமல், பாதியாகப் பிட்டு இரண்டு தட்டிலும் போட்டாள். நாத்தனார் தன் கடைவாயை விரலால் தொட்டுக் காட்டி, "இங்க ஒண்ணு ஆடுது, சாப்பிட்டுட்டுப் பாக்குறியாம்மா?" என்று கேட்டாள்.