இடது காலுக்கு இரண்டு வேலை

இடப்பக்கம் திரும்ப வேண்டிய மூலை வந்தால், நடந்து போகும்போதுகூட அவர் இடது காலைச் சற்று முன்னால் நீட்டி, செருப்பை ஒரு சாண் தூரம் தரையில் தேய்த்துவிட்டுத்தான் திரும்புவார். வலப்பக்கம் திரும்புகையில் அப்படி இல்லை. அதனால் இடது செருப்பு மூன்றே மாதத்தில் ஓட்டையாகிவிடும், வலது புதிதாகவே இருக்கும். அவர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் உலர்த்தும் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர். போர்வை மூட்டைகளுக்கு நடுவே காலை இழுத்துப் போவதைப் பார்த்து அங்கே பாதிப் பேர் வாதம் என்றே நினைத்தார்கள்.

அது பயிற்சி: அவர் பேர் கொடுத்திருந்த மண் தட மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் இடப்பக்கமாக மட்டுமே சுற்றுவார்கள். வளைவில் வண்டி சாயும்போது, இரும்புத் தகடு கட்டிய இடது பூட்ஸ் தரையில் வழுக்கிக்கொண்டே வர வேண்டும். முன் பிரேக் இருக்கக் கூடாது. புதியவர்கள் பிரிவுக்கு இன்னொரு விதியும் உண்டு: வண்டிக்கு நாற்பது வயது தாண்டியிருக்க வேண்டும், ஓட்டுபவருக்குத் தாண்டியிருக்கக் கூடாது. பந்தய நாளுக்குப் பதினாறு நாள் கழித்து அவருக்கு நாற்பது முடிந்துவிடும். அடுத்த பந்தயமோ ஆறு மாதம் தள்ளி.

வண்டி பார்க்கப் போன இடத்தில் இரண்டு இருந்தன. ஒன்று, துருப்பிடித்த டேங்கோடு எலும்பும் தோலுமாக நின்ற இலகு வண்டி. மற்றது கனமான ஒற்றை சிலிண்டர். உதைத்ததும் அதன் சத்தம் நெஞ்சுக்குள் இடித்தது. வெல்டிங் பட்டறை வைத்திருந்த மச்சினன் முதல் வண்டியைத்தான் கைகாட்டினான். இவர் சத்தத்தில் மயங்கி இரண்டாவதைக் கொண்டுவந்தார். என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போகூட இவ்வளவு நேரம் காது குடுத்துக் கேக்கல என்றாள் மனைவி.

விளக்கு, மட்கார்டு, முன் பிரேக் எல்லாம் கழன்றன. தேவையில்லாத இரும்பை அறுத்தெடுத்து, இன்ஜினைப் பிரித்துக் கோர்த்து முடிக்க ஏழு மாதம் ஆனது. பந்தயத்துக்குப் பதினோரு நாள் முன்பு காலி மைதானம் ஒன்றில் ஓட்டிப் பார்த்தார். முதல் வளைவில் இடது காலை நீட்டினார். பிரேக்கைத் தேடியதும் அதே கால்தான். அந்தக் காலத்து வண்டி: கியர் வலது காலுக்கு, பின் பிரேக் இடது காலுக்கு. நேரே முள்வேலிக்குள் போனார்.

மச்சினன் அவரை வேலியிலிருந்து உருவினான். "அந்த எலும்பு வண்டிக்கு பிரேக் வலது பக்கம் மாமா. எனக்கும் இப்பத்தான் உறைக்குது."

அன்றாடம் இயந்திரத்தோடு மாரடிக்கிறவருக்கு ஏழு மாதமாக இது கண்ணில் படவில்லை. வளைவில் கியர் மாற்ற வேண்டியதில்லை, வலது கால் சும்மாதான் இருக்கும். பிரேக் மிதியை அந்தப் பக்கம் கொண்டுவர இன்ஜினுக்கு அடியில் ஒரு குறுக்குத் தண்டைக் கொடுத்து வெல்டு வைத்தார்கள். உடைந்தது. தடித்த குழாய் போட்டார்கள். அதுவும் முறுக்கிக்கொண்டது. இருந்த விடுப்பெல்லாம் தீர்ந்தது. நாற்பது ஆனால் தலையில் இடியா விழப்போகிறது என்று மனைவி கேட்டாள். வழக்கமாக அவளுக்குப் பதில் சொல்லாதவர் அன்று சொன்னார்.

"பொறந்ததுலேருந்து எதுக்கும் நான் பேர் குடுத்ததில்ல. ஒரே ஒரு தடவை குடுத்திருக்கேன். அந்தப் பேர என் கையாலயே அடிக்க மாட்டேன்."

மூன்றாவது தண்டு நின்றது. பந்தய நாளன்று சோதனை செய்கிறவர் மிதியை இரண்டு முறை மிதித்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

மொத்தம் எட்டுச் சுற்று. மூன்றாவதில் மிதி தொளதொளவென்று தொங்கியது. மச்சினன் ஓரத்தில் நின்று வெளியே வரச் சொல்லிக் கையை ஆட்டினான். இவர் பார்த்தார், வரவில்லை. மிச்சம் ஐந்து சுற்றும் பிரேக் கிடையாது. ஆக்ஸிலேட்டரை மூடுவதும் இடது காலை மண்ணில் ஊன்றி இழுப்பதும்தான். ஆறாவது சுற்றில் தகடு பிய்ந்து போனது, ஏழாவதில் கணுக்கால் உடைந்தது. அலறிக்கொண்டேதான் கடைசிச் சுற்றை முடித்தார். பதினான்கு பேரில் பதினான்காவது.

பந்தயம் முடிந்த பிறகுதான் மனைவிக்கு ஒன்று தெரியவந்தது. கட்டுப்போட்ட காலைப் பார்க்க வந்த அவருடைய அக்கா, சமையலறையில் அவளிடம் சொன்னார்: பள்ளியில் சேர்க்கும்போது பின்னால் வேலைக்கு உதவும் என்று அப்பா அவனுக்கு இரண்டு வயதைக் குறைத்துத்தான் எழுதிக்கொடுத்தார். அவருடைய உண்மையான நாற்பது, பந்தயத்துக்குப் பேர் கொடுப்பதற்கு முன்பே முடிந்துபோயிருந்தது. இரண்டு பெண்களும் இன்றுவரை அதை அவரிடம் சொல்லவில்லை.