கரண்ட் போன செவ்வாய்க்கிழமை

போன ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஜலகண்டாபுரத்தில் நடந்தது இது. படிப்பு முடித்த கையோடு, சிறுதொழில் செய்பவர்களுக்கு ஆர்டர் பிடித்துக் கொடுக்கும் உள்ளூர் வளர்ச்சிக் குழுவில் சேர்ந்திருந்தேன். வேகம் அதிகம், நிதானம் கொஞ்சம் குறைவு.

நான்கு விசைத்தறி வைத்திருந்த ஒரு அக்காவுக்கு மூன்று மாதமாக வேலை இல்லை. தறிகளைப் பழைய இரும்புக்குப் போடப் பேசிக்கொண்டிருந்தார். நான் கரூர் ஏற்றுமதிக்காரர் ஒருவரை விடாமல் நச்சரித்து வரவைத்தேன். துண்டு தறியில் ஓடுவதைக் கண்ணால் பார்த்தால்தான் ஆர்டர் என்றார். பதினொரு மணிக்கு வருவதாகப் பேச்சு.

ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. மாதாந்திரப் பராமரிப்பு, இனி சாயங்காலம்தான் வரும். ஊரில் எல்லாத் தறிக்காரருக்கும் தெரிந்த நாள். தேதி குறித்த நான் மட்டும் பார்க்கவில்லை.

"ஏனுங்க சாமி, தெரியாதுங்களா? நீங்க ஏதோ ஏற்பாடு பண்ணியிருப்பீங்கன்னு இருந்துட்டேன்" என்றார் அக்கா. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

போன் போட்டால், ஏற்றுமதிக்காரர் சங்ககிரியைத் தாண்டியிருந்தார். இன்று விட்டால் வேறு ஊர் பார்த்துக்கொள்கிறேன் என்றார். வாடகை ஜெனரேட்டர்கள் எல்லாம் ஆடித் திருவிழாவுக்குப் போயிருந்தன.

சொந்த ஜெனரேட்டர் வைத்திருந்தவர் பக்கத்துத் தெரு எட்டுத் தறிக்காரர் ஒருவர்தான். எங்கள் குழுக் கூட்டத்தில் "லேப்டாப்புல தறி ஓட்ற பசங்க" என்று கிண்டலடித்தவர். அந்தக் கோபத்தில், ஏற்றுமதிக்காரர் பார்க்க வேண்டிய பட்டியலிலிருந்து அவர் பெயரை நான்தான் எடுத்திருந்தேன்.

போனேன். அவருடைய எட்டுத் தறிகளும் ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருந்தன. சத்தத்துக்கு நடுவே எல்லாவற்றையும் சொன்னேன், பெயரை எடுத்ததையும் சேர்த்து. அவர் எழுந்துபோய் ஜெனரேட்டரை நிறுத்தினார்.

"உங்களுக்காக இல்லீங்க தம்பி. அந்தப் புள்ள தறி ஓடலீனா, இந்த ஊரு ஆவாதுன்னு அந்தக் கரூர்க்காரரு போற எடமெல்லாம் சொல்லுவாரு. அப்பறம் என்ற தறிக்கு யாரு வருவா?"

ஜெனரேட்டரைக் குட்டியானை வண்டியில் ஏற்றி, கேபிள் இழுத்து, கடைசி இணைப்பைக் கொடுக்கும்போது கார் தெருவுக்குள் நுழைந்துவிட்டது. முதல் தறி திணறியது. நின்றது. மறுபடி போட்டதும் பிடித்துக்கொண்டது.

அக்காவுக்கு ஆர்டர் கிடைத்தது. பக்கத்துத் தெருக்காரர் தறிகளையும் பாருங்கள் என்று ஏற்றுமதிக்காரரிடம் கெஞ்சினேன். நேரமில்லை என்று அவர் கிளம்பிவிட்டார். ஜெனரேட்டரைத் திருப்பிக் கொண்டுபோக வண்டி சாயங்காலம்தான் கிடைத்தது.

இன்று ஊர் வளர்ச்சி பற்றி எங்கே பேச எழுந்தாலும், அன்று சாயங்காலம் வரை ஓடாமல் நின்ற அந்த எட்டுத் தறிகள்தான் கண்முன் வருகின்றன; என் குரல் தானாகவே தணிந்துவிடுகிறது.