எண்ணெய்க் கடைக்காரனின் பயம்

பென்சன் எடுத்த துறைமுகக் கிளாக்கர் சிவலிங்கம் அண்ணை இன்று கடைக்கு வந்தார்.

"முதலாளி, எனக்குச் சலப்பைக்குக் கீழே புரொஸ்டேட் சுரப்பி வீங்கியிருக்கு போல, அடிக்கடி சலம் முட்டுது. நல்லெண்ணெய் குடிச்சால் வத்துமோ?"

எண்ணெய் விற்றே ஆளானவன் நான். ஓம் என்று சொல்ல வாய் வரவில்லை. இதே கோளாறுக்கு மாதக்கணக்கில் நானும் அதைத்தான் குடிக்கிறேன். இன்று விடியச் சலத்தோடு இரத்தம் போனது. வீட்டில் மூச்சு விடவில்லை.

"அண்ணை, இது கறிக்குத்தான் நல்லது. டொக்டரிட்டக் காட்டுங்கோ."

"நான் வந்து நிக்கிறதுக்குள்ள இரண்டு தரம் பின்பக்கம் ஓடிட்டு வந்தனீங்கள். நீங்கள் காட்டினனீங்களோ?"

காட்டினால் புற்றுநோயென்று சொல்லிவிடுவார்களோ?

நாளைக்கு இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். இந்தச் சுரப்பிக்கு ஒப்பரேசன் செய்தவர்கள் இருந்தால் உண்மையைச் சொல்லுங்கள். எண்ணெய் வைத்தியம் மட்டும் சொல்லாதீர்கள், அது என்னிடம் பீப்பாய் பீப்பாயாக இருக்கிறது.