மீன் பெட்டியில் ஒரு மலை

மலை உச்சியில், மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே உயரழுத்தக் கம்பிகளைப் பழுதுபார்ப்பவர்களுக்கு நான் கருவி வடிவமைக்கிறேன். மன்னார்குடியில் உட்கார்ந்துகொண்டு. நான் இதுவரை ஏறிய பெரிய உயரம் வாய்க்கால் கரை. பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறினால் என் மனைவி ஸ்டூலைப் பிடிப்பதில்லை, என்னைப் பிடித்துக்கொள்வாள்.

மலை உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு. மின்சாரம் அதில் சுலபமாகத் தாவிவிடும். ஆள் இன்னும் தள்ளி நிற்க வேண்டும், கம்பியைத் தொட்டு வேலை செய்யும் கோல் இன்னும் நீள வேண்டும். ஆகவே இரண்டு ஃபைபர் கோல்களை ஒரு வளையத்தால் இணைத்தேன். மோதிரம் மாதிரி அழகான வளையம். ஆனால் குளிரில் விறைத்த விரல்கள், தடித்த கையுறைக்குள்ளிருந்து அதைத் திருகுமா? முடியாவிட்டால் கோபுரத்தின் மேலே நிற்பவர் எரிச்சலில் கையுறையைக் கழற்றுவார். அங்கே கழற்றினால் மறுபடி மாட்டிக்கொள்ள ஆள் இருக்கமாட்டார்.

டெல்டாவில் குளிருக்கு எங்கே போவது? கோலைக் கான்வாஸ் உறையில் போட்டு முத்துப்பேட்டைக்குக் கொண்டுபோனேன். ஒரு மீன் வியாபாரி ஐஸ் பெட்டியைத் திறந்துவிட்டார். கோலின் இணைப்பையும் கையுறை போட்ட கைகளையும் இறால்களுக்கு நடுவே புதைத்தேன்.

"எவ்வளவு நேரம் சார் இப்படியே இருப்பீங்க?"

"கை மரத்துப்போற வரைக்கும்."

"சீக்கிரம் ஆகட்டுங்க. வர்றவங்க உங்களையும் கிலோ என்ன விலைன்னு கேக்குறாங்க."

கை மரத்தது. வளையம் அசையவே இல்லை. ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்டக் கோலை உறையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். ஊரைத் தாண்டுவதற்குள் பிரேக் எங்கே இருக்கிறதென்றே கைக்குத் தெரியவில்லை. ஒரு வாய்க்கால் மதகருகே வண்டியை நிறுத்தினேன். மதகுப் பலகையை ஏற்றி இறக்கும் திருகின் தலையில், காது மாதிரி இருபுறமும் இரும்பு நீட்டிக்கொண்டிருந்தது. ஈரக் கையுறையோடு சும்மா பிடித்துத் திருப்பினேன். திரும்பியது! விரலுக்கு வேலையே இல்லை, உள்ளங்கையே போதும். இன்னொரு சுற்று. இன்னொன்று.

"யாருங்க அது! நாளைக்கு அறுப்பு மிஷின் இறங்கணும், காயப்போட்ட வயல்ல தண்ணிய விடுறீங்க!"

வரப்பில் ஒருவர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடிவந்தார். அவர் வருவதற்குள் மூடிவிட்டேன். மூடும்போதும் அருமையாகத் திரும்பியது.

"செய்யறதையும் செஞ்சிட்டு சிரிக்கிறத பாரு!"

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கையைக் கூப்பினேன், அதுவும் கையுறையோடு. அவர் ஓரடி பின்வாங்கினார்.

வளையத்துக்கு இரண்டு காது வைத்தேன். கோலைப் பளபளவென்று துடைத்து, மின்சோதனையும் முடித்து, அதே கான்வாஸ் உறையில் மலைக்கு அனுப்பினேன். அங்கே வேலை பார்க்கும் நம் பக்கத்துப் பொறியாளர் போன் செய்தார்.

"கோல் பிரமாதம் சார். பனியில கையுறையக் கழட்டாமலே வளையத்தத் திருகிட்டாங்க."

நான் ஸ்டூல் இல்லாமலே ஓரடி உயர்ந்தேன்.

"ஒண்ணே ஒண்ணு சார். உறையைப் பிரிச்சதுலேருந்து, இன்னைக்கு மீன் குழம்பான்னு எல்லாரும் கேக்குறாங்க."