யாவோர் முடிவு செய்யாத பிராசசர்

தன்யூப் நதிக்கரையிலுள்ள எங்கள் விதின் ஊரில் மலிவாகக் கம்ப்யூட்டர் வாங்க நினைப்பவர்கள் முதலில் யாவோர் என்பவரைத்தான் கேட்பார்கள். பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்களை அவர் நம்பமாட்டார். ஒரே போர்டில் பிராசசர்களை மாற்றி மாற்றிப் பொருத்தி, ஒரே வேலையைக் கொடுத்து, எது சூடாகிறது, எது திணறுகிறது என்று பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பார்.

"ஆறு கோர் பிராசசர் வேகம்தான். ஆனா திரையில படம் வர தனியா ஒரு கார்டு வாங்கணும். அந்தக் காசையும் சேர்த்துப் பாரு, உனக்கு நாலு கோரே லாபம்." கேட்டவர்கள் ஏமாந்ததில்லை.

தன் மேஜையிலுள்ள கம்ப்யூட்டருக்கு நாலு கோரா, ஆறு கோரா என்று மட்டும் அவர் முடிவுக்கு வரவில்லை. மனைவி வெசெலா இறந்து நாளையோடு ஆறு மாதம். எங்கள் வழக்கப்படி நாற்பதாம் நாளும் ஆறாம் மாதமும் அவள் படம் போட்ட நினைவு அறிவிப்பு வீட்டுக் கதவில் இருக்க வேண்டும். நாற்பதாம் நாளுக்கே அவர் ஒட்டவில்லை. படத்தைச் சரிசெய்ய நல்ல மிஷின் அமையட்டும் என்று சொல்லிவிட்டார்.

அன்று மாலை, அறிவிப்புகள் அச்சடிக்கும் ராட்கா நேரே வந்துவிட்டாள்.

"இதைக் கழட்டி அதை மாட்டியே கிழவனாயிடுவே போலிருக்கே!"

"அடுத்த மாசம் பிராசசர் விலை இறங்கும்க்கா."

"இறங்கட்டும். ஒரு முகத்தை வெட்டி, கொஞ்சம் வெளிச்சம் கூட்டணும். இதுல எதுப்பா அதுக்குப் போதாது?"

யாவோர் கையிலிருந்த பிராசசரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிராசசர் விஷயத்தில் அவர் யாரிடமும் பொய் சொன்னதில்லை.

"ரெண்டுமே போதும்," என்றார். "பத்து வருஷப் பழசே போதும்."

நாலு கோரை மாட்டிப் படத்தைத் திறந்தார். தன்யூப் கரை, காற்று, கண்ணைச் சுருக்கிச் சிரிக்கும் வெசெலா. அவள் தோளைச் சுற்றிக் கைபோட்டு நிற்பவர் யாவோர். அறிவிப்பில் உயிரோடிருப்பவர் முகம் வரக்கூடாது.

ராட்காவின் குரல் இறங்கியது. "நான் வெட்டட்டுமா?"

"வேணாம்க்கா."

இருவருக்கும் நடுவே அவரே கோடு இழுத்தார். மவுஸிலிருந்து விரலை எடுப்பதற்குள் மிஷின் வெட்டி முடித்துவிட்டது. வெசெலாவின் தோளில் அவருடைய நான்கு விரல்கள் மட்டும் மிச்சம்.

"அதையும் அழிச்சிடலாம்பா. நிமிஷ வேலை."

"அது இருக்கட்டும்."

ராட்கா அச்சடித்துக் கொடுத்ததைக் காலையில் கதவில் ஒட்டினார். ரொட்டி வாங்கிக்கொண்டு போன ஒருத்தி நின்று படித்து, சிலுவை அடையாளம் போட்டு, "கடவுள் அவளை மன்னிக்கட்டும்" என்றாள். இறந்தவர்களுக்காக இங்கே எல்லோரும் சொல்வதுதான். யாவோருக்கு உள்ளே போக மனம் வரவில்லை. வந்தவர் போனவர் ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல, தொப்பியைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றார்.